ஆரஞ்சு பேன்ட்டும் நாடா வைத்த பேன்ட்டும்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா சொல்வது, வாய் என்னுடையது, கை சின்னவனுடையது, என் ஆள்காட்டி விரலில் மிஷின் ஊசி இறங்கிக் கட்டுப் போட்டிருப்பதால் இந்த ஏற்பாடு. இங்கே மூன்று பேரும் சாப்பிடுகிறோம் தூங்குகிறோம், அதற்குப் பெயர் நலம் என்றால் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, எந்த உயரத்தில் தொங்கிக்கொண்டு பதில் சொல்வாயோ. (அக்கா, அம்மா சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். அழுகிற இடத்தில் கமா. நிறைய வரும்.)

போன வருஷம் பாறையிலிருந்து விழுந்து வலது கணுக்காலில் தகடு வைத்த பிறகு இனி ஏற மாட்டாய் என்று நான்தான் முட்டாள்தனமாக நம்பியிருந்தேன், நீ அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. மறுபடியும் பாறைக்குப் போறேன், கடையில வாங்கின பேன்ட் முட்டியில கிழியுது, நீயே ஒண்ணு தெச்சு அனுப்பும்மா என்று எவ்வளவு லேசாகப் போனில் சொல்லிவிட்டாய். அப்பாவிடம் சொன்னேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். மாட்டேன் என்றால் கிழிந்ததைப் போட்டுக்கொண்டு ஏறுவாய், தைத்துக் கொடுத்தால் நானே ஏறச் சொல்லி அனுப்பியதாக ஆகும், எந்தப் பக்கம் புரண்டாலும் தூக்கம் வரவில்லை. (ஏறுவது நீ, பிரஷர் ஏறுவது இங்கே. இது என் சொந்தச் சரக்கு.)

கடைசியில் துணி எடுக்கப் போனேன். ஜீன்ஸ் துணி பார்க்க முரடு, ஆனால் முட்டியை மடக்க விடாது, நனைந்தால் கனக்கும். வெறும் பருத்தி உடம்புக்கு இதம், வாசல் சிமெண்டுப் படியில் தேய்த்ததும் நூல் நூலாக வந்துவிட்டது. நைலான் கலந்து, இழுத்தால் கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கிற துணிதான் படியோடு மல்லுக்கட்டி நின்றது. நீ பாறை நிறம் கேட்டாய், நான் ஆரஞ்சு எடுத்தேன், தேடி வருகிறவர்கள் கண்ணில் சட்டென்று படட்டும். முட்டியில் இரட்டைத் துணி, காலைத் தூக்கினால் பிடிக்காமலிருக்கக் கவட்டில் சாய்சதுரமாகத் தனித் துண்டு. இடுப்பில் பொத்தான் வைத்தால் ஏறும்போது நீ கயிறு மாட்டக் கட்டுகிற வாருக்கு அடியில் அழுத்தும், அதனால் தட்டையான எலாஸ்டிக். கால் நுனியை ஒடுக்கியிருக்கிறேன், எங்கே மிதிக்கிறாய் என்று உனக்குத் தெரியவேண்டும்.

இதெல்லாம் இரண்டாவது பேன்ட். முதலாவதைப் பற்றிச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அதைத் தைத்து முடித்து, உன் அளவும் இவன் அளவும் ஒன்றுதானே என்று சின்னவனைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இவன் ஒரு காலைத் தூக்கிச் சமையல் மேடைமேல் வைத்து, என்னம்மா அக்காவுக்குக் காத்தோட்டமா ஜன்னல் வெச்சுத் தெச்சிருக்கே என்று சிரித்தான். பார்த்தால் வலது கால் இடுப்பிலிருந்து நுனிவரை வெளிப்பக்கம் தையலே இல்லை, முடிச்சுப் போட வரிசையாக நாடா வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் தையல் அறையில் உட்கார்ந்து, காலொடிந்து மாவுக்கட்டோடு படுத்திருப்பவர்களுக்கு இத்தனை வருஷமாக நான் தைக்கிற பேன்ட் அது. உன்னை நினைத்துக்கொண்டே மிஷினை மிதித்திருக்கிறேன், கை உன் அளவில் அதைத் தைத்துவிட்டது. (சிரித்தது நிஜம்தான் அக்கா. அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்து, மேடையிலிருந்து காலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.)

கண்ணுல படாம எங்கயாவது போட்டுத் தொலை என்றார் அப்பா. அடுத்ததைத் தைக்கும்போதுதான் விரலில் ஊசி இறங்கியது, உள்பக்கம் ஒரு சின்னக் கறை இருக்கும், பயப்படாதே. புதுசைப் போட்டுக்கொண்டு நேராகப் பாறைக்குப் போகாதே, வீட்டிலேயே குந்தி எழுந்து எங்கே பிடிக்கிறது என்று பார். கிழிந்தால் நீயே ஒட்டுப் போடாதே, எனக்கு அனுப்பு, அது என்னிடம் இருக்கிற நாளாவது நீ தரையில் இருப்பாய். ஏறும் முன் போன் செய்யாதே, இறங்கியதும் செய்.

நூறு வருஷம் இரு என்று வாழ்த்த நினைத்தேன், இப்போதைக்கு முழுசாக இரு, போதும். நாடா வைத்ததை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க மனசு வரவில்லை, என் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. அது அங்கேயே மக்கிப் போகட்டும், அதுதான் உனக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா

(பின்குறிப்பு, இது அம்மா சொன்னதல்ல: ஆரஞ்சைப் போட்டுக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் ஏறிப் பார்த்துவிட்டேன். பேன்ட் தாங்குகிறது அக்கா. அம்மாதான் தாங்கவில்லை.)