பெட்டிக் கோழி

மார்ச் 4, செவ்வாய்

மொட்டை, உன் அம்மா இன்றைக்கும் சாப்பிடவில்லை.

நாலு பேர் முன்னால் உன்னை 'என்னங்க' என்றுதான் கூப்பிட்டேன். மொட்டை என்பது நம் அறைக்குள் மட்டும். இப்போது அறையில் நான் ஒருத்திதான், எழுத்திலாவது கூப்பிட்டுக்கொள்கிறேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பாரேன் என்று சலவைக்கூடத்தில் என்னோடு துணி மடிக்கிற அக்கா சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுதிக் கிழிக்கப் போகிறேன். பார்ப்போம்.

நீ வேலை பார்த்த கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து நீ போனதிலிருந்து அத்தைக்கு நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. ரவிக்கை தோளில் நிற்க மாட்டேன் என்கிறது. இன்று எடை பார்த்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உடம்பு தன்னையே தின்னுக்கிட்டு இருக்கும்மா. முட்டை, மீன், கோழி, ஏதாவது உள்ள போகணும். அடுத்த மாசம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இப்படியே இருந்தா படுக்கையில சேர்க்க வேண்டி வரும்."

போனில் உன் தம்பியிடம் சொன்னேன். "அண்ணி, உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் வீடு ஒன்பதாவது மாடி. விடிந்தால் புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்கு ஓடுகிறவர்கள். அங்கே அத்தை யாரோடு பேசுவார், சுவரோடா?

அத்தையைப் பற்றி மட்டும்தான் கவலையா எனக்கு? இல்லை. அவரும் போய்விட்டால் உன் பேரைச் சொல்ல இந்த வீட்டில் இன்னொரு வாய் கிடையாது.

மார்ச் 6

கோழி சமைத்தேன். சதைப்பிடிப்பான கால் துண்டாகப் பார்த்து அத்தை தட்டில் வைத்தேன். "நல்லாருக்கும்மா" என்றார். அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

மறுபடி கோழி. காரம் குறைத்து, மெத்தென்று வேகவைத்து. மறுபடி கால் துண்டு. மறுபடி ஓரம்.

"என் கைப்பக்குவம் பிடிக்கலையா அத்தை?"

"யாரு சொன்னா? நல்லாத்தானே இருக்கு."

நல்லா இருப்பதை யாராவது தள்ளி வைப்பார்களா? என் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லை, அதுதான். இவள் வந்த நேரம் என் பிள்ளை போனான் என்று நினைப்பு. நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும், வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா? பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணானதுதான் மிச்சம்.

மார்ச் 12, புதன்

இன்று ஒன்று நடந்தது.

அத்தைக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பொரித்த கோழி விற்கிற கடை இருக்கிறதே, சிவப்பு விளக்கும் கண்ணாடிச் சுவருமாக — அதற்குள் ஒதுங்கினோம். சும்மா உட்காரக் கூச்சமாக இருந்தது. தொப்பி போட்ட பெண் ஒருத்தி கல்லாவில் நின்றுகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். "காரமா, சாதாவா? சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் சேர்த்து செட்டா குடுக்கட்டுமா? பெருசாக்கவா?"

அத்தை என் காதருகே குனிந்தார். "செத்த கோழியை இனிமே எப்படிடி பெருசாக்குவா?"

நான் சிரித்துவிட்டேன். அத்தை வாயிலிருந்து கேலி வந்து எவ்வளவு நாளாயிற்று!

ஆளுக்கொரு பெட்டி. இரண்டிலும் ஒரு கால், ஒரு நெஞ்சுத் துண்டு. வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்தார். மொறுக்கென்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. எலும்பு வெள்ளையாகிறவரைக்கும் விடவில்லை. விரலை நாக்கில் நனைத்துப் பெட்டியில் உதிர்ந்த தூளையும் ஒற்றி எடுத்தார். நான் மழையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

மார்ச் 13

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையிலேயே கேட்கிறார், "பெட்டிக் கோழிக்கு இன்னைக்குப் போகலியா?"

மார்ச் 18

நாலாவது தடவை போய் வந்தோம். விலைப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும் — இந்தக் காசுக்கு முழுக் கோழியே வாங்கி இரண்டு வேளை சமைக்கலாம். சமைத்தேனே! அந்த முழுக் கோழி எங்கே போனது? குப்பைக்கு. அப்படிப் பார்த்தால் எது மலிவு, எது விலை அதிகம்? வயிற்றுக்குள் போனதுதான் மலிவு.

இப்படி நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாட்டிக்கொண்டேன். உன் தம்பி பெண்டாட்டி வீடியோவில் கூப்பிட்டாள். மேசைமேல் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள். அடுத்த நிமிஷம் அவன் முகம்.

"என்ன அண்ணி இது? அம்மாவுக்குப் பிரஷர் இருக்கு. அதுல இருக்கிறது எல்லாம் எண்ணெயும் உப்பும்தான். சமைக்கச் சோம்பலா இருந்தா சொல்லுங்க, ஆள் வைக்கிறேன்."

சோம்பலாம். நாள் முழுக்க நின்றுகொண்டு விரிப்பு மடிக்கிற என்னைப் பார்த்து.

"அந்த ரத்தப் பரிசோதனைக்கு நானே வரேன். கோளாறுன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவன் சொன்னதில் பாதி நியாயம்தான். அதுதான் சுடுகிறது.

மார்ச் 23, ஞாயிறு

கடையில் செய்வதை வீட்டில் செய்ய முடியாதா என்ன என்று இறங்கினேன். மாவு, முட்டை, மிளகுத்தூள். எண்ணெய் காய்ந்து வீடெல்லாம் புகை. மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "எதுவும் எரியுதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு கடைப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தேன். அதிலேயே அடுக்கினேன், கால் துண்டு மேலாக.

அத்தை மூடியைத் திறந்தார். பார்த்தார். மூடினார்.

"இது நம்ம வீட்டுக் கோழிதானே?"

அவ்வளவுதான், என் வாய் கட்டவிழ்ந்துவிட்டது. "ஆமா, நம்ம வீட்டுதுதான்! விஷமா வெச்சிருக்கேன்? எவளோ பொரிச்சுப் போட்டா எலும்பு வரைக்கும் இறங்குது, நான் செஞ்சா மட்டும் தொண்டையில நிக்குதா? என்னைப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லுங்க அத்தை. உங்க சின்னப் பிள்ளை கூட்டிட்டுப் போகத் தயாரா நிக்கிறான். போங்க!"

போங்க என்று நானே சொல்லிவிட்டேன் பார்.

அத்தை கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அது அவன் துண்டும்மா."

எனக்கு விளங்கவில்லை.

"காலு. அவன் நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த வீட்டுல காலு அவனுக்குத்தான். நானும் அவனுக்குத்தான் வெச்சேன், நீயும் அவனுக்குத்தான் வெச்சே. இப்ப அதைத் தூக்கி என் தட்டுல வைக்கிறே. அவன் பங்கை நான் எப்படிம்மா திங்கிறது? அதுவும் அவன் போனதால கிடைச்சதை?"

"அப்ப கடையில?"

"அங்க எல்லா பெட்டியிலயும் ஒரு காலு இருக்கு. யாரு பங்கும் இல்ல அது."

மொட்டை, நான் என்ன நினைத்து அந்தத் துண்டை அவருக்கு வைத்தேன் தெரியுமா? வீட்டிலேயே நல்லது இதுதான், அவருக்குப் போகட்டும் என்று. ஒவ்வொரு முறையும் நீ இல்லை என்பதைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறேன்.

இரண்டு பேரும் அழுதோம். குழாயைத் திறக்காமல்.

மார்ச் 25

கறிக்கடைக்காரரிடம், கால் எது கழுத்து எது என்று தெரியாதபடிக்கு வெட்டிக் கொடுங்கள் என்றேன். "கோழி மேல என்னக்கா அவ்வளவு கோபம்?" என்றார். வெட்டிக் கொடுத்தார்.

அத்தை கரண்டியால் கிளறிப் பார்த்தார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். வாங்கினார்!

ஏப்ரல் 5

பெட்டிக் கோழி வாரத்தில் ஒருநாளாகிவிட்டது, மற்ற நாள் வீட்டுச் சாப்பாடுதான். ஆனால் இன்று அத்தையின் கணுக்காலில் செருப்பு வார் பதிந்து கிடந்தது. அமுக்கினால் குழி விழுகிறது. உப்புதான். உன் தம்பி சொன்ன அதே உப்பு. சொல்லலாமா அவனிடம்? சொன்னால் இன்றைக்கே அத்தை துணிமணியைக் கட்டிவிடுவான். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டான்.

ஏப்ரல் 10, வியாழன்

மூன்று நாற்காலி. நடுவில் அத்தை. டாக்டரம்மா ரத்த முடிவைப் படித்து முடிக்கிறவரைக்கும் நான் என் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"எடை கூடியிருக்கு. ரத்தத்துல புரதமும் ஏறியிருக்கு. பரவாயில்லையே பாட்டி, என்ன சாப்பிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் தம்பி, போலீஸில் எழுதிக் கொடுப்பதுபோல், "கடைக் கோழி டாக்டர். பொரிச்சது. பெட்டியில வரும்" என்றான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் அவர் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். "இதை நல்ல சாப்பாடுன்னு நான் சொல்ல மாட்டேன். உப்பு ஜாஸ்தி, எண்ணெய் ஜாஸ்தி. பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு பாருங்க, கால் வீக்கத்துக்கும் உப்பு ஒரு காரணம். ஆனா ஒண்ணுமே இறங்காத ஆளுக்கு இது இறங்கியிருக்கு, அந்த அளவுக்கு லாபம். இப்பத்தான் பசி வந்துடுச்சே. இனிமே வீட்டுல செய்யறதைச் சாப்பிடுங்க. அதுமேல ஆசை வந்தா மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, தோலை உரிச்சுட்டு. சிப்ஸும் வேணாம், கூல்டிரிங்க்ஸும் வேணாம்."

வெளியே வந்ததும் உன் தம்பி, "இருந்தாலும் அம்மா, எங்க வீட்டுல இருந்தா..." என்று ஆரம்பித்தான்.

அத்தை நின்றார். "ரத்தத்தைக் கேட்டாச்சு, எடையைக் கேட்டாச்சு. என்னையும் ஒரு வார்த்தை கேளுடா. நான் இவகூடத்தான் இருப்பேன்."

"அதில்லம்மா..."

"வா, பசிக்குது."

கடைக்குத்தான் போனோம். அத்தையும் நானும் டாக்டர் சொன்னபடி தோலை உரித்து ஓரமாக வைத்தோம். எண்ணெயும் உப்பும் என்று என்னைத் திட்டினவன் அந்தத் தோலை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்துத் தின்றான். "வீணாப் போகுமே அண்ணி" என்கிறான், கண்ணைப் பார்க்காமல். மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். அத்தை தோளில் சாய்ந்துகொண்டு சத்தமாக மூச்சு விட்டேன். இத்தனை நாள் அரை மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தேன் போல.

ஏப்ரல் 11

படுத்ததுதான் தெரியும். விடிந்து எழுந்தேன்.

ஏப்ரல் 19, சனி

கணுக்கால் வற்றிவிட்டது. ரவிக்கை தோளில் நிற்கிறது. டாக்டரம்மா சொன்ன கணக்கில் இந்த மாதத்தின் இரண்டாவது பெட்டிக் கோழி இன்று.

தொப்பிக்காரப் பெண் எங்களைக் கண்டதும், "வாங்க பாட்டி, எந்தத் துண்டு வைக்க?" என்றாள். இத்தனை நாள் யாரும் கேட்டதில்லை.

"ரெக்கை" என்றார் அத்தை.

"காலே கேளுங்க அத்தை. இங்கதான் யாரு பங்கும் இல்லியே" என்றேன்.

"எனக்கு என்னைக்குமே ரெக்கைதான்டி பிடிக்கும். காலுல என்ன இருக்கு, வெறும் சதை. ரெக்கையிலதான் கடிச்சு இழுக்கிற ருசி."

வந்த நாளிலிருந்து, பிள்ளைக்குக் கால் துண்டை வைத்துவிட்டு ரெக்கையைக் கடிக்கிற அம்மா என்று பார்த்துப் பார்த்து உருகியிருக்கிறேன். தியாகம் என்று சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கடைசியில் பிடித்ததைத்தான் தின்றிருக்கிறார்! நான் இதைச் சொன்னதும் அத்தைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம், இரண்டு பேரும், எலும்பும் கையுமாக.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்க்கிறேன். நீ எப்போதும் கால் துண்டை முதலில் தின்று முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாய். ஆசையில் என்றுதான் நானும் அத்தையும் நினைத்தோம். ஒருநாளும் கேட்கவில்லை.

மொட்டை, உனக்கு நிஜமாகவே கால் துண்டு பிடிக்குமா, இல்லை, நாங்கள் வைத்துவிட்டோமே என்று தின்றாயா?