பல்கனிக் கம்பியில் ஏறி நின்றவர்கள்

அண்ணா,

வெள்ளவத்தையில் மகன் கட்டும் வீட்டின் மேல்மாடிக்கு இன்று கொங்கிரீட் போட்டார்கள். படியேறும்போதே துருப்பிடித்த கம்பியின் வாசம் மூக்கில் அடித்தது. நீங்கள் கண்ணை மூடி இத்தனை காலத்துக்குப் பிறகும், அந்த வாசத்தோடு உங்கள் கத்தல்தான் காதில் விழுகிறது.

எங்கள் வீட்டை நீங்களே முன்னின்று கட்டுவித்தீர்கள். பல்கனிக்குக் கொங்கிரீட் போடும் அன்று என் மச்சாள், என் கணவருடைய அக்கா, பட்டுச்சேலையோடு வந்து தேங்காய் உடைத்தார். பிறகு கட்டிவைத்த கம்பி வலையின் மேல் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். நீங்கள் பாய்ந்து வந்தீர்கள்.

"இறங்குங்கோ! இதென்ன, மேடையே?"

மச்சாளின் முகம் சுருங்கிப் போனது. வெளியே நீட்டி நிற்கும் பல்கனிக்குக் கம்பி மேற்பக்கமாக இருக்கவேண்டும், மிதித்தால் அடிக்குப் போய்விடும், பிறகு அது இருந்தும் இல்லாததுதான் என்று நீங்கள் விளக்கியதை யார் கேட்டார்கள்? நான் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்று, "என்ர மானத்தை வாங்கிப்போட்டியள்" என்று அழுதேன். "மானம் விழுந்தா எழும்பலாம் பிள்ளை. பல்கனி விழுந்தா?" என்றீர்கள்.

இன்றும் மச்சாள்தான் முன்னுக்கு நின்றார். குடும்பத்தோடு கம்பியில் ஏறிக்கொண்டு, "நீரும் வாருமன்" என்று என்னைக் கூப்பிட்டார். காலடியில் வலை பதிந்து போவதைப் பார்த்தேன். அது பேத்தி நின்று விளையாடப் போகும் பல்கனி. எல்லாம் தெரிந்துகொண்டே, சிரித்தபடி போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், அண்ணா. அந்தப் படம் இப்போது எல்லாருடைய போனிலும் இருக்கிறது. இளித்துக்கொண்டு நிற்கும் என் முகத்தைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

கொங்கிரீட் நாங்கள் மிதித்த அந்தப் பல்கனி மூலைக்கு வந்தபோதுதான் என் வாய் திறந்தது.

"நிப்பாட்டுங்கோ! கம்பியைத் தூக்கிக் கட்டிப்போட்டுப் போடுங்கோ."

"ஒண்டும் நடக்காது அம்மா" என்றார் மேசன். நான் கத்தினேன். கொட்டியதை வழித்து எடுத்து, வலையை உயர்த்தி, அடியில் முட்டுக் கொடுத்துக் கட்டி முடிக்கும்வரை எல்லாரும் வெயிலில் நின்றார்கள். மகன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மச்சாள் சாப்பிடாமலே படியிறங்கினார். "தமையனை மாதிரித்தான்" என்றார், எல்லாருக்கும் கேட்க.

கூனிக் குறுகித்தான் நின்றேன். ஆனாலும், "ஓம் மச்சாள்" என்றேன். உங்களுக்கு இருந்த அந்தக் கெட்ட பெயரை இனி நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணா.