மூன்றாவது ஓலையில் ஓர் ஆட்சேபணை

சிட்லபாக்கம்,
7.1.2007

அன்புள்ள அபிகாயில் அப்பாவுக்கு,

ரத்தினபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், நான் மட்டும் கோபம். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. சரி, இமாச்சலத்தில் அணை கட்டும் இடத்தில் ஊர்க்காரர்களையும் காண்டிராக்டரையும் வனத்துறையையும் சமாதானப்படுத்துவதுதான் உங்கள் வேலை. ஊர்த் தேவியின் ஊர்வலம் முடியட்டும் என்று, ஆற்றைத் திருப்பிவிடும் நாளையே எட்டு நாள் தள்ளிப் போட வைத்தீர்களாமே. பெருமையாகத்தான் இருந்தது, காலண்டரைப் பார்க்கும்வரை. ஆற்றைத் திருப்ப நீங்கள் குறித்துக் கொடுத்த இருபத்துநாலாம் தேதிதான் உங்கள் மகளுக்குக் கல்யாணம்!

கல்யாணத்துக்கு வரச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன். போன வாரம் பதில் வந்தது: தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. ஊர்க்காரர்களுக்கு எழுதி எழுதிக் கை பழகிவிட்டது போலிருக்கிறது. கீழே ஆபீஸ் முத்திரை வேறு.

இன்று ஆலயத்தில் அபிகாயிலுக்கும் ஷெர்வினுக்கும் கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டார். எதிர்ப்பு உள்ளவரைப் பேசவிடாமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். எழுந்து நின்றுவிட்டேன். பெண்ணின் தகப்பன் வருவதாக இன்னும் எழுதித் தரவில்லை, அதுதான் என் ஆட்சேபணை என்றேன்.

சம்பந்தியம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. ஆலயம் பெருக்கும் பியூலா பின்வரிசையிலிருந்து, பெத்தவளே கண்ணாலத்த நிறுத்துனா இன்னாக்கா அர்த்தம் என்று கேட்டேவிட்டாள். அபிகாயில் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அழுதிருக்கிறாள். அப்பாவுக்கு வேலை இருக்கும், விடும்மா என்கிறாள்.

போதகர் சிரிக்கவில்லை, பதிவேட்டில் எழுதிக்கொண்டார். தகப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அதை நீக்க முடியுமாம். அதுவரை கல்யாணம் கிடையாதாம். கோபத்தில் செய்துவிட்டேன், இப்போது பயமாக இருக்கிறது.

அணையால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பீர்களே, அதில் எங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு அதன் பாட்டுக்கு இன்னும் ஒரு நாள் ஓடட்டும். அவள் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துவர வேறு ஆளில்லை. கர்த்தர் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
இருபத்தேழு வருடமாகப் பரிசீலனையில் உள்ள
ரத்தினபாய்