ஜெயித்ததற்கு யாரும் கை கொடுக்கவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

சனிக்கிழமை பாக்ஸிங் போட்டியில் ஜெயித்துவிட்டேன். உதடு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இட்லி சாப்பிட முடிகிறது. ஆனால் யாரும் கை கொடுக்கவில்லை. என்னோடு மோதியவன் இந்த ஊர்க்காரன். அவனுக்காகத்தான் டிக்கெட் விற்றதாம். போட்டி நடத்தியவர் வந்து, "இன்னா குரு, அவன் ஜெயிக்கணும்னுதானே உன்ன கூப்ட்டோம்?" என்றார். இங்கே யாரைப் பார்த்தாலும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

விட்டுக்கொடு என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அம்மா. தோற்கக்கூடிய ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்களாம். நான் ஜெயித்தது தப்பா என்று கோச் ஓஸ்வால்ட் சாரிடம் கேட்டேன். "அடி நல்லா இருந்துச்சுப்பா. இனிமே உன்ன யார் கூப்பிடுவாங்கன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் பிடிபடவில்லை.

இன்று ஒருவர் கூப்பிட்டார். அடுத்த மாதம் போட்டி, எதிரில் பெரிய பெயர் எடுத்த ஆள். என்னை எதற்குக் கூப்பிடுகிறார் என்று கேட்க வாய் வரவில்லை. சரி என்றுவிட்டேன்.

ஈஜிபுராவில் நான் தங்கியிருக்கும் அறையில் விடியற்காலை குளிர்கிறது. என் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் நான் ஜெயிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். தோற்க வேண்டும் என்றும் கேட்காதீர்கள். மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் மகன்,
கில்பர்ட்