மாப்பிள்ளை செய்யும் கரி

பாடாங் மேஹா,
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய சுப்பிரமணியம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மழைதான் இல்லை, மற்றபடி எல்லோரும் சுகம். போனில் பேசினால் காதில் விழவில்லை, எழுதுங்கள் என்றீர்கள். என் மகன் திவாகரனுக்குக் கூலிம் ஆய்வுக்கூடத்தில் வேலை. கறி செய்கிறான். மரப்பட்டறையில் வீணாகும் ரப்பர்க் கட்டையைச் சுட்டுத்தான் எல்லாம். பெண் கேட்டு வரலாமா?

இப்படிக்கு,
குணசுந்தரி

செமிலிங்,
10 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்ததுமே என் மகள் தேவகி சம்மதித்துவிட்டாள். ஏனென்று விளங்கவில்லை. நாங்கள் சைவம், என் மளிகைக் கடையில் நெத்திலிகூட விற்பதில்லை. நீங்கள் சாப்பிடுவது உங்கள் விருப்பம். ஆனால் கறியே தொழில் என்றால் மனம் ஒப்பவில்லை. அதற்கு ஆய்வுக்கூடம் எதற்கு? மன்னியுங்கள். மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சுப்பிரமணியம்

பாடாங் மேஹா,
15 மார்ச் 2025

ஐயா,

தலையில் அடித்துக்கொள்கிறேன். கறி இல்லை, கரி. சின்ன ர போடுமிடத்தில் பெரிய ற போட்டுவிட்டேன். கழிவு மரத்தைக் காற்றுப் படாமல் சுட்டு, கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய கரியாக்குகிறார்கள். அதைத் தகட்டில் பூசித் தண்ணீரில் வைத்து மின்சாரம் விட்டால் ஹைட்ரஜன் பிரியுமாம். புகையில்லாத எரிபொருளாம். ஓர் எழுத்துக்காக என் பையனைத் தள்ளிவிடாதீர்கள்.

குணசுந்தரி

செமிலிங்,
21 மார்ச் 2025

அன்புள்ள அம்மா,

கரி என்றால் சுத்த சைவம். எனக்குப் பூரண சம்மதம். இப்போது தேவகிதான் மாட்டேன் என்கிறாள். “சமைக்கத் தெரிஞ்சவர்னு நெனைச்சுத்தான்பா சரின்னேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து நானா அடுப்புல நிக்கிறது? பசிச்சா ஹைட்ரஜனையா மாக்கான் பண்ண முடியும் லா?” என்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒரு சாம்பாராவது வைக்க வருமா? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இந்தப் பையனை விட எனக்கு மனமில்லை.

சுப்பிரமணியம்

பாடாங் மேஹா,
31 மார்ச் 2025

அன்புள்ள சம்பந்தி,

முந்திக்கொண்டு அப்படியே அழைத்துவிட்டேன், கோபிக்காதீர்கள். அவனுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்க வராது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெப்பமானியோடு அடுப்படிக்குள் போனான். சட்டி தீய்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தேவகி, ஆளை நேரில் பார்க்க, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். சட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் கரண்டியை எடுக்கப் போனபோது, “விடுங்க அத்தை, அவரே செய்யட்டும்” என்று முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மறுபடி அவன்தான் வெங்காயம் நறுக்கினான். இந்தத் தடவை தேறிவிட்டான். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நல்ல நாளாகப் பாருங்கள். அவள் என்ன சாப்பிட்டாள், அதற்குச் சின்ன ர-வா பெரிய ற-வா என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் சம்பந்தி,
குணசுந்தரி