அண்ணன் தங்கைக்கு நடுவில் ஒரு கட்டி

மார்ச் 4, திங்கள்
"கடைசியா எப்ப வந்துச்சு?" என்று நர்ஸ் கேட்டாள். நம் தீவு நாடு ஒலிம்பிக்கில் முதல்முறை ரக்பி தங்கம் வாங்கிய வருடம் என்றேன். யோசிக்காமல் 2016 என்று எழுதிக்கொண்டாள். அதன் பிறகு எட்டு வருடம் நிம்மதி. போன மாதம் மறுபடி ரத்தம், அறுபத்தோரு வயதில். முப்பத்தைந்து வருடம் உயிரியல் நடத்தியிருக்கிறேன், இது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஸ்கேனில் கருப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறதாம். கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதிக்க வேண்டும். புற்றுநோயா என்றேன். பார்க்கலாம் டீச்சர் என்றார் டாக்டர் கம்லேஷ்னி. பையன் பாஸாவானா என்று கேட்ட எத்தனை பெற்றோரிடம் நானும் "பார்க்கலாம்" சொல்லியிருக்கிறேன்! அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 5
தங்கை கேலேராவிடம் சொல்லவில்லை. மரவள்ளிக்கிழங்குக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்
சுரண்டியாயிற்று. மயக்கம் இன்னும் தெளியவில்லை, கையெழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கிறது.

மருத்துவக் கல்லூரியில் புது ஏற்பாடாம். மூத்த மாணவர் ஒருவர் இளையவர் ஒருவருக்கு வழிகாட்ட வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரு நோயாளி, கடைசிவரை. எனக்கு வாய்த்த ஜோடி: கடைசி வருடம் பெதெலி, மூன்றாம் வருடம் உலாமிலா. அவன் கட்டிலுக்கு வலப்பக்கம் நின்றான், அவள் இடப்பக்கம். வழிகாட்ட வேண்டியவன் என்னிடமே பேசினான், கேட்டுக்கொள்ள வேண்டியவள் சுவரைப் பார்த்தாள். சண்டையோ?

மார்ச் 21, வியாழன்
புற்றுநோய் இல்லை! சவ்வு அதிகமாக வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று மாதம் மாத்திரை. பெதெலி டாக்டரிடம் என் கதையை அழகாகச் சொல்லி, முற்றுப்புள்ளியும் வைத்தான். உலாமிலா மட்டும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் மார்பு வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம், இரண்டு மாதமாக. சந்தையில் வாங்கிய மட்டமான உள்பாடிதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப சவ்வை வளர்க்கிற ஹார்மோன் எங்கிருந்து வருதுன்னு கேளுங்க டீச்சர்."

"யார்கிட்டடி?"

"உங்க வலப்பக்கம் இருக்கிறவர்கிட்ட."

அப்போதுதான் விளங்கியது. ஊர் கேட்டேன். இருவரும் லாவ் தீவுக்கூட்டத்தில் ஒரே தீவு, தகப்பன்கள் அண்ணன் தம்பி. அப்படியென்றால் இவர்களும் அண்ணன் தங்கைதான். எங்கள் தீவு வழக்கப்படி அண்ணனும் தங்கையும் வளர்ந்த பிறகு நேருக்கு நேர் பேசக்கூடாது. இதில் கருப்பையைப் பற்றி எங்கே பேசுவது! கல்லூரியோ வருகைப் பதிவு எண்ணைப் பார்த்து ஜோடி சேர்த்திருக்கிறது. சொல்ல இருவருக்கும் வெட்கம்.

சரி, நான் தபால்காரியானேன். "பெதெலி, முற்றத்துல புல்லு காடா வளந்திருக்கு. நீ வெட்டிட்ட. தண்ணி ஊத்துறது யாரு?"

மாதவிடாய் நின்ற பிறகும் உடம்புக் கொழுப்பில் அந்த ஹார்மோன் சுரக்கும் என்றான். குண்டாக இருப்பவர்களுக்கு.

"என்னைப் பாத்துச் சொல்லு." நான் நாற்பத்தொன்பது கிலோ.

உலாமிலா கூரையைப் பார்த்து, "இடது சினைப்பை ஸ்கேன்ல தெரிஞ்சுதான்னு கேளுங்க டீச்சர்" என்றாள்.

அவன் கோப்பைப் புரட்டினான். குடலில் காற்று மறைத்ததால் இடது சினைப்பை தெரியவில்லை என்று எழுதியிருந்தது. தெரியவில்லை என்பதை எல்லோரும் ஒன்றுமில்லை என்று படித்திருக்கிறார்கள். கேள்வியை எழுதாமல் விட்ட பையனுக்கு முழு மதிப்பெண் போட்ட மாதிரி.

இவளுக்கு இது எப்போது தெரியும்? முதல் நாளே! எனக்கு வந்ததே கோபம். "ஒம்பது நாளா வாயில என்னடி வெச்சிருந்த? உயிர் போற விஷயம்டி!"

"அவர்கிட்ட சொல்ல முடியாது டீச்சர். உங்ககிட்ட சொல்லலாம்னா நீங்க மயக்கத்துல பாடிட்டு இருந்தீங்க."

பாடினேனா? என்ன பாட்டு? கேட்கவில்லை.

பெதெலி எழுந்தான். அவன் முடிந்தது என்று சொன்ன கதை. இப்போது தப்பு என்று சொன்னால் அவனுக்குத்தான் மதிப்பெண் போகும். வாசலிலிருந்து அவன் குரல் கேட்டது: "டாக்டர், நான் சரியா படிக்கல. கண்டுபிடிச்சது என் தங்கச்சி."

உலாமிலா தலையைக் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது.

மார்ச் 22
உள்வழி ஸ்கேன். இடது சினைப்பையில் கெட்டியான கட்டி, எலுமிச்சை அளவு. இன்றைக்குத்தான் கேலேராவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு திட்டினாள். பிறகு தேங்காய்ப்பாலில் மீன் வைத்தாள்.

ஏப்ரல் 9
நாளைக்கு ஆபரேஷன். பயமாத்தான் இருக்கு. எழுத ஒண்ணும் ஓடல.

ஏப்ரல் 30, செவ்வாய்
கிரானுலோசா செல் கட்டி. அபூர்வமானது. வயதான சினைப்பையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு இளமை ஹார்மோன் சுரந்திருக்கிறது, என்னைக் கேட்டதா? டாக்டர் கம்லேஷ்னி நுண்ணோக்கியில் காட்டினார். ஒவ்வொரு செல்லின் கருவிலும் காப்பிக்கொட்டை போல நடுவில் ஒரு கோடு. இதுவும் புற்றுநோய் வகைதானாம், ஆனால் மெதுவானது, வெளியே பரவவில்லை. முழுதாக எடுத்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்துக்கூடத் திரும்பி வருமாம். எனக்கு அப்போது எண்பத்தொன்று. வரட்டும், யார் முதலில் போகிறோம் என்று பார்க்கலாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
ரத்தத்தில் ஹார்மோன் சரியான அளவு. அடுத்த சோதனை டிசம்பரில்.

ஜோடியை மாற்றித் தருகிறோம் என்று கல்லூரி சொன்னதாம், இருவரும் வேண்டாம் என்றார்களாம். இன்றைக்கு நடுவில் ஒரு முதலாண்டுப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். பெதெலி அவளிடம் சொல்ல, அவள் உலாமிலாவிடம் சொல்ல, உலாமிலாவின் மறுப்பை அவள் திரும்ப அவனிடம் கொண்டுபோக. இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு அந்தப் பெண் தேறிவிட்டாள். எனக்கு வேலை போயிற்று.

கேலேரா, நான் தூங்கும்போது இதை எடுத்துப் படிக்கிறாய் என்று தெரியும். உன் முழங்கால் வீக்கத்துக்கு வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறாய் அல்லவா? வியாதியின் பெயரைச் சொன்னதும் எழுந்து வராதே. அது ஏன் வந்தது என்று கேள். பதில் வரும்வரை நாற்காலியை விடாதே.