காய்ச்சலுக்கு ஒரு செட்

மாப்ள,

காலையிலிருந்து எனக்குக் காய்ச்சல். ஆனையூர் அறையில் கூட இருப்பவன் மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ஒரு செட்" வாங்கி வந்து, சின்னக் காகித உறையை என் கையில் திணித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். தூக்கக் கலக்கத்தில் ஒரு வேளை மாத்திரைகளை விழுங்கிவிட்டேன். அப்புறம்தான் மிச்சத்தைப் பார்த்தேன். அட்டையில் பெயரைக் கத்தரித்திருந்தார்கள். பார்மசி படிப்பவனுக்குப் பெயர் எதற்கு? நீ போட்ட அதே வலி மாத்திரை. உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு வகுப்பில் பேச உன் முறை. மாணவர்கள் தாங்களாகவே மருந்து வாங்கிப் போடுவதில் உள்ள ஆபத்துதான் தலைப்பு. டெங்குவா என்று தெரியாமல் வலி மாத்திரை போட்டால் ரத்தக் கசிவு வரலாம் என்று விளக்கினாய். குறுக்குக் கேள்வி கேட்டவனையும் மடக்கினாய், எமகாதகப் பயல். எல்லோரும் கைதட்டினோம். கீழே இறங்கியதும் உன் கையைத் தொட்டேன், அனலாய்க் கொதித்தது.

"வலி மாத்திரை போட்டுத்தான் மாப்ள நின்னேன். இல்லாட்டி விழுந்திருப்பேன்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

டாக்டர், "மாத்திரை ஏதும் போட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றாய். வெளியே வந்ததும் உன்னோடு சண்டை பிடித்தேன்.

"பார்மசி படிக்கிறேன்னு சொல்லிட்டேன்லடா. எம்புட்டுக் கேவலம்?"

நானே திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன். மறுநாள் ஈறில் ரத்தம் கசிந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. உன் ஊர் எழுமலையில் உன்னை எடுத்த அன்றைக்கு உன் அம்மா என் கையை விடாமல், "மருந்துக்குப் படிச்ச புள்ளைக்கு ஏன்யா இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரத்தம் எடுத்துவிட்டார்கள், முடிவு வரவில்லை. நாக்கால் ஈறைத் துழாவித் துழாவிப் பார்க்கிறேன். எச்சில் உப்புக் கரித்தால்கூட உயிர் போய்விடுகிறது. ரொம்பப் பயமாக இருக்கிறதுடா.

ரத்தம் எடுப்பதற்கு முன் டாக்டர் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நீயா எதையும் வாங்கிப் போட்டிருக்க மாட்ட" என்று அவரே முடிவுகட்டி எழுதத் தொடங்கினார். எனக்கும் அந்த வெட்கம் வந்தது மாப்ள. தலையைப் பாதி ஆட்டியும் விட்டேன். உன் "இல்ல சார்" காதுக்குள் கேட்டது.

உறையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"போட்டுட்டேன் சார்" என்றேன்.